முழங்கை வரை ஈரம்

முதல் பவளம் வாங்கியவரின் வலது முழங்கையைப் பார்த்தால் போதும், உப்புப் பூத்திருக்கும். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்து, தண்ணீர் சூடேறாமல் இருக்க டிவியை மிஞ்சிச் சத்தம் போடும் குளிர்விப்பானையும் வைத்து, சட்டைப் பொத்தான் அளவில் நாலு பாலிப் உள்ள ஸோவா என்ற பவளத் துண்டொன்றை 30 வெள்ளிக்கு வாங்கி வந்தவர் அவர். அன்று உள்ளே போன கை இன்னும் வெளியே வரவில்லை. புதுத் தொட்டியில் பவளம் சாவதற்கு உப்பு, விளக்கு, நைட்ரேட் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். அந்தக் கையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

காலையில் துண்டு மணலில் இருக்கும். மத்தியானம் பாறையின் இடுப்பில், ராத்திரி பாறையின் உச்சியில். இடையில் சோபாவிலிருந்து பார்த்தால் மறைகிறதென்று நாலு விரற்கடை இடப்பக்கம். ஸோவா தொட்டாற்சிணுங்கி ஜாதி. கை பட்டால் மூடிக்கொள்ளும், மறுபடி விரியச் சில மணி நேரம், சமயத்தில் சில நாள் ஆகும். மூடியிருப்பதைப் பார்த்தவர் வெளிச்சம் அதிகம் என்று முடிவு கட்டி இடத்தை மாற்றுகிறார்; மாற்றியதால் அது மூடுகிறது; மூடியதால் மாற்றுகிறார். பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிகள் புது வெளிச்சத்துக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். தினம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிள்ளை எந்த வகுப்பில் பாஸாகும்? துண்டு உருண்டு கிடந்தால் பழி டர்போ நத்தை மேல். நத்தையும் உருட்டும்தான், ஆனால் அது பாசியையாவது தின்கிறது.

இடம் சரியில்லை என்றால் மாற்ற வேண்டாமா என்று கேட்கலாம். பக்கத்துப் பவளம் கொட்டினால், நிறம் வெளுத்தால், உடனே மாற்றத்தான் வேண்டும். மற்றபடி இடம் சரியா என்று தெரியவே இரண்டு வாரமாவது ஆகும். இவர் இரண்டு மணி நேரத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறார். பொறுமை இல்லாதவரா பவளம் வாங்குமுன் ஆறு வாரம் மீன்கூட இல்லாமல் வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்றும் கேட்பார்கள். அவர் எங்கே சும்மா இருந்தார்? அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும் வரை தினமும் சோதனைக் குழாயை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து, அது மஞ்சளா பச்சையா என்று வீட்டில் உள்ளவர்களிடம் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பவளம் வந்ததும் அந்த வேலை போயிற்று, கை அரிக்கிறது. காரத்தன்மை 8.2 dKH காட்டினால் மருந்து ஊற்றி 9.6 ஆக்குகிறார். 7.5-லும் பவளம் வாழும், 9-லும் வாழும், ஒரே நாளில் இப்படித் தாவினால்தான் தாங்காது. இத்தனைக்கும் அவர் கல்நெஞ்சர் இல்லை. விளக்கணைந்த பிறகு டார்ச்சோடு குனிந்து, பிள்ளை தூங்குகிறதா என்று பார்ப்பதுபோல் பார்ப்பவர்தான். அந்த டார்ச்சும் அதற்குத் தொந்தரவு என்பது வேறு விஷயம்.

ஆசைப்பட்டு வளர்க்கிறார், போனால் அவர் காசு, உனக்கென்ன என்பது கடைசிக் கேள்வி. நமக்கும் இருக்கிறது. ஸோவா குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. தொடுகிறவர்கள் கையுறை போட வேண்டும், தொட்ட பின் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, “சாப்பிடுங்க, வீட்டுல சுட்ட முறுக்கு” என்று அதே கையால் எடுத்துத் தருகிறார்.