மெத்தைக்காரரும் 962 சகோதரர்களும்

2015 டிசம்பர் 15 அன்று லிச்சியோ ஜெல்லி காலமானார். வயது 96. இத்தாலியின் அரெட்ஸோ நகரில், வில்லா வாண்டா என்ற சொந்த மாளிகையில், நிம்மதியாகக் கண்ணை மூடினார். ஒரு வங்கியைத் திவாலாக்கியதற்கு 12 ஆண்டு, ஒரு படுகொலை விசாரணையைத் திசைதிருப்பியதற்கு 10 ஆண்டு என்று இறுதித் தீர்ப்பு பெற்ற குற்றவாளிக்கு இதைவிட நல்ல சாவு எந்த நாட்டில் கிடைக்கும்? வயதானவர், இதய நோயாளி என்று சட்டம் அவரை வீட்டுக் காவலில் வைத்துப் பார்த்துக்கொண்டது. அவர் கவிதை எழுதினார்.

இளமையிலேயே கெட்டிக்காரர். ஃபிராங்கோவுக்காகச் சண்டைபோட ஸ்பெயினுக்குப் போன பாசிசக் கருஞ்சட்டைத் தொண்டர். போர்க்காலத்தில் ஜெர்மானியருக்கும் முசோலினியின் ஆட்களுக்கும் நடுவே தொடர்பு அதிகாரி. 1944இல் காற்று திசை மாறியதும், பிஸ்தோயாவில் பிடிபட்டுக் கிடந்த கெரில்லாக்களைத் தப்பவைக்க உதவி, விடுதலைக் குழுவிடமிருந்தே நற்சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர் இரண்டிடமும் ரசீதே வாங்கினார்.

அமைதிக் காலத்தில் பெர்மாஃபிளெக்ஸ் மெத்தைக் கம்பெனியில் அதிகாரி. பிற்பாடு பெரிய மனிதர்கள் பலருக்கும் இந்த ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. ஏழுமுறை பிரதமரான ஆந்திரேயோட்டியைக் கேட்டாலும், ஜெல்லியா, அந்த மெத்தைக் கம்பெனிக்காரர்தானே என்றார்.

மெத்தைக்காரர் 1960களில் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். சகோதரத்துவம், அறம், தன்னையே செதுக்கிக்கொள்ளும் கல்தச்சன் என்றெல்லாம் பேசும் சங்கம் அது. அதற்குள் 1877இல் தொடங்கிய ‘ப்ரோபகாண்டா’ என்று ஒரு லாட்ஜ், அதாவது கிளை, உண்டு. மற்ற லாட்ஜ்களில் முகம் காட்ட விரும்பாத நாடாளுமன்றத்தாருக்கும் பெரும்புள்ளிகளுக்குமான தனி அறை. பிற்காலத்தில் அதன் பெயர் ப்ரோபகாண்டா துவே, சுருக்கமாகப் பி-2. 1975இல் ஜெல்லி அதன் ‘வணக்கத்துக்குரிய தலைவர்’ ஆனார். மறு ஆண்டு தாய்ச் சங்கம் இந்த லாட்ஜின் பணிகளை நிறுத்திவைத்தது. அது இன்னும் வசதியாகப் போயிற்று. இனி கூட்டமும் இல்லை, கணக்கும் இல்லை. ரோமில் வியா வெனெத்தோ தெருவின் எக்செல்சியர் ஹோட்டலில் அவர் அறை எடுத்திருப்பார், வரவேண்டியவர்கள் வருவார்கள். ஒரு சகோதரனுக்கு மற்ற சகோதரன் யார் என்று தெரியாது. எல்லாரையும் தெரிந்தவர் ஒருவர்தான்.

1980 அக்டோபரில் ‘கொரியேரே தெல்லா செரா’ நாளிதழ் அவரைப் பேட்டி கண்டது. சின்ன வயதில் என்னவாக ஆசைப்பட்டீர்கள் என்ற கேள்விக்கு, பொம்மலாட்டக்காரன் என்று பதில். நாடே சிலிர்த்தது. நாட்டுக்குத் தெரியாத செய்தி வேறு: பேட்டி கண்ட மௌரித்சியோ கோஸ்தான்சோ பி-2 உறுப்பினர். வெளியிட்ட ஆசிரியர் பி-2 பட்டியலில். பத்திரிகையின் முதலாளி ரித்சோலியும் அதே பட்டியலில். இதற்குப் பெயர் பேட்டி என்றால் கண்ணாடி முன்னால் முகச்சவரம் செய்துகொள்வதும் பேட்டிதான்.

1981 மார்ச் 17. சிந்தோனா என்ற மோசடி வங்கியாளரைத் துரத்திக்கொண்டிருந்த மிலான் நீதிபதிகள் துரோனேயும் கொலம்போவும், காஸ்திலியோன் ஃபிபோக்கியில் ஜெல்லியின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையைச் சோதனையிட ஆள் அனுப்பினார்கள். போனவர்கள் நிதிக் காவல் படையினர். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அதிகாரிக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் அந்தப் படையின் தலைமைத் தளபதி. அங்கே பட்டியல்கள் கிடைக்கும், அதில் என் பெயரும் உண்டு, பார்த்து நடந்துகொள் என்பதுதான் சாரம். திருடன் வீட்டைச் சோதனைபோடும் ஏட்டையாவுக்கு எஸ்.பி. போன் பண்ணி, அந்தப் பீரோவில் என் சட்டையும் தொங்குகிறது என்று சொல்வதற்கு இது நிகர். அந்த அதிகாரி பெட்டிகளைக் கட்டி மிலானுக்கே கொண்டுபோனார். இந்தக் கதையில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்களில் அவரும் ஒருவர்.

962 பெயர்கள். அமைச்சர்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஜெனரல்கள், அட்மிரல்கள், நீதிபதிகள், வங்கித் தலைவர்கள். நாட்டின் உளவு அமைப்புகளின் தலைவர்கள், ஒருவர் விடாமல். அரியணை இல்லாத இளவரசர் ஒருவர். அர்ஜென்டினாவில் ஆட்களைக் காணாமல் போக்கிக்கொண்டிருந்த அட்மிரல் மசேரா. நீதித்துறை அமைச்சரின் பெயரில் சேர்க்கை விண்ணப்பமே கிடந்தது. அவர் பதவி விலகினார். பிரதமர் ஃபோர்லானி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். இரண்டு மாதம் தாங்கியது. மே 21 அன்று பட்டியல் வெளியானது, சில நாளில் ஆட்சி கவிழ்ந்தது.

பிறகு தொடங்கியது மறதித் திருவிழா. ஃபாரம் பூர்த்தி செய்தவருக்கு அது எந்தச் சங்கம் என்று தெரியாது. சந்தா கட்டியவருக்கு எதற்குக் கட்டினோம் என்று ஞாபகமில்லை. எதிரியின் இரகசியத்தைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கிய உளவுத் தலைவர்களுக்குத் தாங்கள் எதில் உறுப்பினர் என்பதே புலப்படவில்லை. ஜெல்லியைப் பெரிய மாயாவியாக எழுதுகிற புத்தகங்கள் மேல் எனக்கு எரிச்சல் இதனால்தான். அவர் யார் கழுத்திலும் கயிறு கட்டவில்லை. கயிற்றோடு வரிசையில் நின்றவர்கள் ஜெனரல்களும் அமைச்சர்களும். முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே கொடுத்தார்கள், பதிலுக்கு ஒரு பதவி உயர்வோ ஒரு வங்கிக் கடனோ கிடைத்தால் போதும் என்று.

கடன் கொடுத்த சகோதரர் ரொபெர்த்தோ கால்வி, அம்ப்ரோசியானோ வங்கித் தலைவர். 1982 ஜூன் 18 அன்று லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தடியில், சட்டைப்பையில் செங்கல் துண்டுகளோடு தொங்கினார். அந்தச் செப்டம்பரில் வணக்கத்துக்குரிய தலைவர் ஜெனீவா வங்கியில் கோடிக்கணக்கில் பணம் எடுக்கப் போய்ப் பிடிபட்டார். மறு ஆண்டு ஒரு காவலருக்கு லஞ்சம் கொடுத்துச் சிறையிலிருந்து வெளியேறித் தென்னமெரிக்கா சேர்ந்தார். பிறகு நாடு திரும்பியவர், 1998இல் மறுபடி ஓடி, பிரான்ஸின் கான் நகரில் அகப்பட்டார். அவர் வீட்டுப் பூந்தொட்டிகளைத் தோண்டினால் 150 கிலோவுக்கும் மேல் தங்கக் கட்டிகள்.

இதுவரை சிரிக்கலாம். 1980 ஆகஸ்ட் 2 காலை 10:25க்கு போலோன்யா ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. விடுமுறைக்கு ஊர் போகக் காத்திருந்த கூட்டம். 85 பேர் செத்தார்கள். மூன்று வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. ஐந்து மாதம் கழித்து, அதே போலோன்யாவில் ஒரு ரயிலில் வெடிமருந்துப் பெட்டி ‘கண்டெடுக்கப்பட்டது’. வெளிநாட்டார் வேலை என்று காட்ட அதை வைத்தவர்கள் இராணுவ உளவுத்துறை அதிகாரிகள். அந்தத் திசைதிருப்பலுக்குத்தான் ஜெல்லிக்கு அந்த 10 ஆண்டு. குண்டுக்குப் பணம் கொடுத்து ஏவியவர்களில் அவரும் ஒருவர் என்ற முடிவுக்கு போலோன்யா நீதிமன்றம் வந்தது 2022இல். அதற்குள் அவர் செத்து ஆறு வருஷத்துக்கு மேல். தீர்ப்பைக் கல்லறையில் ஒட்டிவிட்டு வரவேண்டியதுதான்.

பி-2 பற்றிய நாடாளுமன்ற விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் தீனா அன்செல்மி. இத்தாலியின் முதல் பெண் அமைச்சர். பதினேழு வயதில் நாஜிகள் இளைஞர்களைத் தூக்கிலிட்டதைப் பார்க்க வைக்கப்பட்டு, அதன் பிறகு கெரில்லாக்களோடு சேர்ந்தவர். 1984இல் அறிக்கை தந்தார். 1992க்குப் பிறகு அவருக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. அரசுக்கு எதிரான அரசியல் சதி என்ற குற்றச்சாட்டிலிருந்து சகோதரர்களை ரோம் நீதிமன்றம் விடுவித்தது. 2003இல் ஜெல்லி ஒரு நாளிதழிடம், நீதித்துறை, தொலைக்காட்சி எல்லாம் தன் பழைய திட்டப்படியே நடக்கிறது, காப்புரிமைப் பணம் கேட்கலாம் போலிருக்கிறது என்று வேடிக்கை பேசினார்.

அப்போது பிரதமராக இருந்தவர் பி-2 உறுப்பினர் அட்டை எண் 1816 சில்வியோ பெர்லுஸ்கோனி. லாட்ஜில் சேர்ந்தது பற்றி நீதிமன்றத்தில் பொய் சொன்னார் என்று 1990இல் தீர்ப்பாகி, பொதுமன்னிப்பில் தப்பியவர். 2023 ஜூனில் இறந்தபோது மிலான் பேராலயத்தில் அரசு மரியாதையோடு வழியனுப்பினார்கள். தேசியத் துக்க நாள் அறிவித்து, நாடு முழுக்க அரைக்கம்பத்தில் கொடி. அந்த நாடு முழுக்க என்பதில் போலோன்யாவும் அடக்கம்.