காரைக்காலும் டீஃபால்ட் கேட்வேயும்: ஓர் எல்லைப்புற ஆய்வு

லினக்ஸ் கணினியில் நெட் வராவிட்டால் முதலில் ரூட்டிங் டேபிளைப் பார்க்க வேண்டும் என்பது நூலோர் முடிவு. அதைப் படிக்கப் பிறவியிலேயே தகுதி பெற்றவர் காரைக்கால்காரர் என்பது இவ்வாய்வாளர் முடிவு. சொந்தத் தலைநகரான புதுச்சேரிக்குப் போகவே பூவம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று சுமார் 130 கிலோமீட்டர் ஓட வேண்டியவருக்குக் கேட்வே பற்றிப் பாடம் எடுப்பானேன்? 1739இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது நடந்த ஐபி ஒதுக்கீடு இது. 1954இல் அவர்கள் கிளம்பிய பிறகும் சப்நெட் மாறவில்லை.

அஞ்சல் துறை இதற்கு 1972இலேயே வழி கண்டுவிட்டது. காரைக்காலின் பின்கோடு 609602. புதுச்சேரியின் 605 அல்ல, மயிலாடுதுறையின் 609. அப்படியே மாஹே கோழிக்கோட்டோடு 673, ஏனாம் காக்கிநாடாவோடு 533. யார் ஆட்சி என்று தபால் பை கேட்பதில்லை, முன் இலக்கங்களைத்தான் பார்க்கிறது. லினக்ஸ் கர்னலும் அதே கட்சி: முகவரியின் முன்பகுதி எந்த வரியோடு அதிக நீளம் பொருந்துகிறதோ அந்த வழி, எதனோடும் பொருந்தாவிட்டால் டீஃபால்ட். (புதுச்சேரி என்.ஐ.டி. இருப்பது காரைக்காலில். பெயரை நம்பிப் புதுச்சேரியில் இறங்கியவருக்கு நேர்ந்தது டி.என்.எஸ். கோளாறு, அது தனி ஆய்வு.)

இனி கள ஆய்வு. பாரதியார் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை. “போன்ல நெட் வருது தம்பி, இந்தப் பெட்டியிலதான் வரல.” கணினி போன் ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறது, கூடவே சிசிடிவி ரவுட்டரின் வயரும் செருகியிருக்கிறது. ‘ஐபி ரூட்’ என்று அடித்தால் இரண்டு டீஃபால்ட்: வயருக்கு மெட்ரிக் 100, வைஃபைக்கு 600. குறைந்த எண்ணுக்கே முதல் மரியாதை. ஆகவே ஊர் உலகத்துக்குப் போக வேண்டிய பாக்கெட் எல்லாம் இணையமே இல்லாத சிசிடிவி ரவுட்டரிடம் போய் நிற்கிறது. புதுச்சேரிக்கென்று கிளம்பி வாஞ்சூர் வழியாக நாகூரில் இறங்கிய மாதிரி.

அந்த ரவுட்டருக்குப் பிங் அடித்தால் பதில் வருகிறது, 8.8.8.8க்கு அடித்தால் வரவில்லை. ‘நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்’ என்று வந்திருந்தால் வழியே இல்லை என்று விட்டுவிடலாம். இங்கே வழி ஒன்றுக்கு இரண்டாக இருப்பதுதான் வினை.

‘ஐபி ரூட் டெல்’ கட்டளையால் வயர் வழியை நீக்கினால் உடனே நெட் வரும். கணினியை அணைத்துப் போட்டால் பழைய குருடி கதவைத் திறடி. நெட்வொர்க் மேனேஜரில் வயர் இணைப்புக்கு ‘நெவர் டீஃபால்ட்’ என்று வைப்பதே நிரந்தர மருந்து.

“வயரைப் புடுங்கியிருந்தா போதாதா தம்பி?” என்றார் கடைக்காரர். போதும்தான். கேமரா தெரியாது, இந்தக் கட்டுரையும் கிடையாது.