ஞாயிற்றுக்கிழமை விஞ்ஞானி

குரோம்பேட்டையில் விஞ்ஞானி இல்லாத தெரு கிடையாது. கல்பாக்கம் பஸ்ஸுக்கு விடியற்காலையில் நிற்பவர், அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறவர், தரமணிக்கும் பள்ளிக்கரணைக்கும் ஸ்கூட்டரில் பறக்கிறவர் என்று வகைவகையாக உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை, அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. சனி, ஞாயிறுகளில்தான் ஊர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நம்மவரின் வாசல் பலகையில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருக்கும். அது பி.எச்டி. அதை நம்பி இருமலோடு வந்தவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. காற்று மாசு அளவைக் காட்டும் ஓர் இணைய முகவரியை எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினார். ஆபீசில் அவருக்கு வேலை, உலோகம் ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆராய்வது. சொந்த வீட்டு கேட் துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று யாராவது கேட்டால், அதற்கு இப்போது நேரமில்லை. ஒரு புராஜெக்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

யோசனை எப்போதும் சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். வந்த பத்தாவது நிமிடம் அதற்கு ஒரு டொமைன் வாங்கியாகிவிடும். அந்தக் காலத்து அப்பாக்கள் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று மனை வாங்கிப் போட்ட மாதிரி இவர் டொமைன் வாங்கிப் போடுகிறார். அந்த மனைகளிலாவது பிற்பாடு யாரோ வீடு கட்டினார்கள். இவர் வேலிக்கு மட்டும் வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். மின்சார ரயிலில் எந்தப் பெட்டியில் உட்கார இடம் இருக்கும் என்று சொல்லும் செயலி ஒன்று அவரிடம் உண்டு. அது பதில் சொல்லி முடிப்பதற்குள் ரயில் பல்லாவரம் போய்விடும்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் அவர் விடவில்லை. ரிச்சி தெருவில் சென்சார் வாங்கி வந்து மூடிக்கு அடியில் பொருத்தினார். அது ஒலியை அனுப்பும். ஒலி நீர்மட்டத்தில் பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு என்று செல்போனுக்குச் சொல்லும். குறைந்தால் மோட்டார் தானே ஓடும், நிறைந்தால் தானே நிற்கும். இரண்டு நாள் அமர்க்களமாக வேலை செய்தது. மூன்றாம் நாள் காலை குழாயில் வெறும் காற்று. செல்போனோ, தொட்டி தளும்புகிறது என்றது. மேலே போய்ப் பார்த்தால், சென்சாரின் வாயை அடைத்தபடி ஒரு பல்லி சுகமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தலையில் ஷாம்பு நுரையோடு முதல் மாடிக்காரர் கீழேயிருந்து கத்தினார்: "சார், முன்னெல்லாம் வாட்ச்மேன் பார்த்துப் போடுவாரே, அதுல என்ன சார் குறை?" தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்று பஞ்சாங்கத்தில் பல்லிக்குப் பலன் உண்டு, சென்சாரில் விழுந்தால் இல்லை. பலன் முதல் மாடிக்காரருக்குத்தான்.

மனைவி ஏதாவது சொன்னால் பதிலுக்கு மூன்று பெயர்களைக் கைவசம் வைத்திருக்கிறார். முதலாவது எழுத்தாளர் சுஜாதா. இதே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தையும் கவனித்துக்கொண்டு, கதைகளில் கணேஷையும் வசந்தையும் கோர்ட்டுக்கு அனுப்பியவர். இரண்டாவது கல்யாணசுந்தரம். ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி; வீட்டுக்கு வந்தால் தமிழ். கணினியில் தமிழ் அபூர்வமாக இருந்த காலத்தில் 'மயிலை' எழுத்துருவைச் செய்தார். 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகமெங்கும் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக ஏற்றினார்கள். மூன்றாவது சென்னை எஞ்சினியர் சண்முக சுப்பிரமணியன். 2019-ல் நாசா எல்லோருக்கும் திறந்து வைத்த நிலாப் படங்களை ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்து, விழுந்து நொறுங்கிய விக்ரம் லேண்டரின் சிதறலைக் கண்டுபிடித்தார். நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது.

மூன்றும் சத்தியமான உண்மை. அதுதான் குடும்பத்துக்குச் சிக்கல். கட்டுக்கதையாக இருந்தால் ஒரே வாக்குவாதத்தில் முடித்திருக்கலாம்.

"ஏங்க, அவர் இங்க உட்கார்ந்துக்கிட்டே நிலாவுல இருக்கிறதைக் கண்டுபிடிச்சார். நீங்க வீட்டுக்குள்ள இருக்கிற கேஸ் புக்கைக் கண்டுபிடிங்க, போதும்."

2012-ல் மத்திய அரசு தரவுகளைப் பொதுமக்களோடு பகிரும் கொள்கையை அறிவித்ததிலிருந்து நம்மவருக்குத் தீபாவளிதான். ஆனால் அரசுத் தரவு வீட்டுக்கு வந்து சேரும் விதம் தனி. எக்ஸெல்லில் அழகாக அடிப்பார்கள். பிறகு அச்செடுப்பார்கள். கையெழுத்து, முத்திரை. அதைக் கொஞ்சம் சாய்வாக வைத்து ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுவார்கள். அதை மறுபடி எக்ஸெல் ஆக்குவதற்குத்தான் நம்மவர் பிறவி எடுத்திருக்கிறார். முத்திரையின் ஊதா வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட எண் மூன்றா எட்டா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஒரு தடவை அவருடைய நிரல், ஆங்கிலத்தில் நடுவே 'இ' போட்ட குரோம்பேட்டையையும் போடாத குரோம்பேட்டையையும் இரண்டு ஊர்களாக எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு மட்டும் ரயில் நிலையம் கிடையாது என்று அறிவித்தது. இரண்டையும் ஒன்று சேர்த்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு அவர் முகத்தில் வந்த சிரிப்பு, பையன் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியபோதுகூட வரவில்லை. இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்யச் சொன்னால் நாலு பேர் ராஜினாமா செய்வார்கள். இவர் அதற்காகத் தூக்கத்தைக் கொடுக்கிறார். கிண்டல் செய்கிற எனக்கே இந்த இடத்தில் கை கொஞ்சம் தயங்குகிறது.

போன கோடையில் கிணறும் போர்வெல்லும். நூறு வருஷத்துக்கு முன் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால்தான் ஊருக்கே பெயர் வந்தது. பக்கத்து நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழில் பிறகும் தொடர்ந்தது. அதனால் நிலத்தடி நீர் பற்றி இங்கே எல்லோருக்கும் சந்தேகம் உண்டு. நம்மவர் சட்டைப்பையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரைச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "குரோமியம் இருக்குதா சார்?" என்று கேட்டவர்களுக்கு, இந்த மீட்டர் மொத்த உப்பை மட்டும்தான் காட்டும், குரோமியத்துக்குத் தனிச் சோதனை வேண்டும் என்று இருபது நிமிடம் விளக்கினார். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை பச்சை. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம், அது மஞ்சள். அதற்கு மேல் சிவப்பு. வரைபடம் வாட்ஸ்அப்பில் ஏறிய அன்று மாலையே ஒரு வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"சார், என் வீட்டு மேல சிவப்பு வெச்சிருக்கீங்களாமே. மாடி போர்ஷன் காலியா இருக்கு. கொஞ்சம் மஞ்சள் பண்ணிடுங்களேன்."

"ரீடிங் 2100 சார்."

"நூறுதானே சார்? ஒரு மழை பெஞ்சா இறங்கிடும்."

கத்திரிக்காய் விலை மாதிரி பேரம் நடந்தது. நம்மவர் நூறு மில்லிகிராம்கூடத் தள்ளுபடி தரவில்லை.

இதை வைத்து ஸ்டார்ட்-அப் தொடங்கிவிடலாம் என்று ஒரு நண்பர் ஏற்றிவிட்டார். அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது என்று 1964-ம் வருஷத்து நடத்தை விதிகள் சொல்கின்றன. பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டம். ஆகவே மனைவி நிர்வாக இயக்குநர், மாமியார் இயக்குநர். முதல் போர்டு மீட்டிங் சமையலறையில் கூடியது. கீரை ஆய்ந்துகொண்டே மாமியார் கேட்டார்:

"யாருக்கு விக்கப் போறீங்க மாப்பிள்ளை?"

"விக்கறதா? டேட்டா எல்லாருக்கும் இலவசம் அத்தை."

"அப்ப கம்பெனி எதுக்கு?"

இதற்கு நம்மவரின் அறுபது பக்க பிரசன்டேஷனில் பதில் இல்லை. முதலீட்டாளர் யாரும் இதுவரை வரவில்லை. வந்தவர் கேன் தண்ணீர் போடும் தம்பிதான், கையில் ஸ்வீட் பாக்கெட்டோடு.

"சார், உங்க மேப்ல சிவப்பா இருக்கிற தெருவாப் பார்த்துத்தான் நோட்டீஸ் குடுத்தேன். செம ஆர்டர். புதுசா ஒரு வண்டி எடுத்துட்டேன். ராதா நகர் பக்கம் எப்ப சார் அளக்கப் போறீங்க?"

"வர்ற ஞாயித்துக்கிழமையே போயிடலாம்பா" என்று நம்மவர் மீட்டருக்குப் புது பேட்டரி தேடத் தொடங்கினார். உள்ளேயிருந்து நிர்வாக இயக்குநரின் குரல் வந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம் நில்லு. எங்க வீட்டுக்கு வாரம் ரெண்டு கேன் சும்மா போடறியா, இல்ல கம்பெனி பேர்ல பில் அனுப்பட்டுமா?"