ராஜராஜனுக்குக் கிடைக்காத பஜ்ஜி

தஞ்சாவூர் பெரிய கோயிலைச் சுற்றிவிட்டு வெளியே வருகிறவனுக்கு இரண்டு உபாதைகள் நிச்சயம். ஒன்று கழுத்துவலி. 216 அடி விமானத்தை அண்ணாந்து பார்த்ததன் பலன். மற்றது பசி. முதலாவதற்குத் தைலம் தேட வேண்டும். இரண்டாவதற்குத் தேடவே வேண்டாம், தள்ளுவண்டி தயாராக நிற்கும்.

நான் போனபோது மாலை ஐந்து மணி இருக்கும். வண்டிக்காரர் மிளகாயைக் கடலைமாவில் முக்கி, குண்டான் விளிம்பில் ஒரு வழி வழித்து, எண்ணெயில் நழுவ விட்டார். உள்ளே முங்கியது, நுரை கக்கிக்கொண்டு மேலே வந்தது, ஜல்லிக்கரண்டியில் ஏறியது, செய்தித்தாள் துண்டில் உட்கார்ந்தது. அந்தத் தாளில் ஏதோ பாலத்தைத் திறந்துகொண்டிருந்த அமைச்சர் எண்ணெயில் ஊறி, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டார்.

பக்கத்தில் நின்ற வேட்டி கட்டிய பெரியவர், கடித்த பஜ்ஜியாலேயே கோபுரத்தைச் சுட்டிக் காட்டினார். "ஆயிரம் வருஷம் தம்பி! அந்தக் கோயிலும் சரி, இந்தப் பலகாரமும் சரி. நம்மாளு அப்பவே எல்லாம் பார்த்துட்டான்."

மறுத்துப் பேச ஆசைதான். ஆனால் நான் கடித்த மிளகாய் சரியாக அந்த நேரம் பார்த்துத் தன் வேலையைக் காட்டியது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். தமிழனின் பெருமை கேட்டு நான் நெகிழ்ந்துவிட்டதாகப் பெரியவர் நினைத்துக்கொண்டார். தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதில் இது.

ஐயா, ராஜராஜ சோழன் தன் ஆயுளில் ஒரு மிளகாய் பஜ்ஜிகூடச் சாப்பிட்டதில்லை.

அவர் கோயில் வேலையை முடித்தது 1010 வாக்கில். அப்போது மிளகாய் என்ற வஸ்து மெக்ஸிகோ பக்கமும் தென்னமெரிக்காவிலும் செடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கப்பல் ஏற அதற்கு இன்னும் ஐந்நூறு வருஷம் பாக்கி. ஈழத்தைப் பிடித்தவர், மாலத்தீவு வரைக்கும் கப்பல் படை அனுப்பியவர், ஒரு பச்சை மிளகாயைக் கண்ணால் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். உருளைக்கிழங்கு போண்டா? கிழங்கு பெரு நாட்டு மலையில் இருந்தது. தக்காளிச் சட்னி? தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். டீ சீனாவில். காபி செங்கடலுக்கு அந்தப்பக்கம். மாலை நாலு மணிக்குச் சக்கரவர்த்தி என்னதான் செய்தார் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

பட்டினி கிடந்தார் என்று சொல்லவில்லை. உளுந்து இருந்தது, மிளகு இருந்தது, இஞ்சி, சீரகம், வெல்லம், நல்லெண்ணெய் எல்லாம் இருந்தது. மிளகு தட்டிப்போட்ட வடைக்குத் தடையில்லை. வாழை கொட்டிக் கிடந்தது. பெரிய கோயில் கல்வெட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது: ராஜராஜன் கொடுத்த காசை வியாபாரிகள் வட்டிக்கு வாங்கிக்கொண்டு, அந்த வட்டிக்கு ஈடாகப் பிள்ளையாருக்கு நாள் ஒன்றுக்கு 150 வாழைப்பழம் தர வேண்டும். அதாவது பிள்ளையார் பேரில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட், வட்டி பழமாக. இன்றைய வங்கிகளில் இந்தத் திட்டம் இல்லை. ஆக, வாழை உண்டு, கடலைப்பருப்பு உண்டு, எண்ணெய் உண்டு. வாழைக்காய் பஜ்ஜிக்குத் தேவையான அத்தனை சாட்சிகளும் ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரு வாணலியில் சேர்த்து வைக்க யாருக்காவது தோன்றியதா என்பது பற்றிக் கல்வெட்டு வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் பலகாரக் கடை நமக்குப் புதுசில்லை. சங்க காலத்து மதுரைக்காஞ்சியில் ராத்திரி மதுரையைக் காட்டும் இடத்தில் பலகாரம் விற்கும் கூவியர் வருகிறார்கள். தேன்கூடு மாதிரி அடை, பூரணம் வைத்த மோதகம். சரக்கு முன்னால் இருக்கிறது, விற்கிறவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்தப் பேருந்து நிலையத்துக் கடையிலும் இந்தக் காட்சியை இன்றைக்கும் பார்க்கலாம். இரண்டாயிரம் வருஷத்தில் அடை மாறியிருக்கிறது, மோதகம் மாறியிருக்கிறது, அந்தத் தூக்கம் மட்டும் மாறவில்லை.

மிளகாய்க்கு வருவோம். இந்த விவகாரம் முழுக்க ஒரு ஆள்மாறாட்டம்.

வெள்ளைக்காரனுக்கு மிளகுப் பைத்தியம். மேற்குக் கரையில் விளைந்த குறுமிளகுக்காக ரோமாபுரிக்காரன் தங்கக் காசைக் கொட்டினான். அதைக் குறுக்கு வழியில் அடையலாம் என்று 1492-ல் கிளம்பிய கொலம்பஸ், எதிர்த்திசையில் போய்க் கரீபியன் தீவுகளில் முட்டிக்கொண்டார். அங்கே மிளகு இல்லை. காரமான ஒரு காய் இருந்தது. வெறுங்கையோடு ஊர் திரும்பினால் ராணி முகத்தில் எப்படி விழிப்பது? அந்தக் காயையும் மிளகுக் கணக்கில் எழுதிவிட்டார். அந்த ஊர் மனிதர்களை 'இந்தியர்' என்று எழுதிய அதே பேனா. இன்றுவரை இங்கிலீஷ்காரன் இரண்டையும் ஒரே பேரில் கூப்பிட்டுத் திண்டாடுகிறான்.

ஆறு வருஷம் கழித்து வாஸ்கோ ட காமா சரியான வழியில் கோழிக்கோட்டுக்கே வந்துவிட்டார். அந்த ஊர் ராஜாவான சாமூதிரிக்கு அவர் கொண்டுவந்த சீர்வரிசையைப் பாருங்கள்: கோடு போட்ட துணி, ஆறு தொப்பி, ஆறு கை கழுவும் பாத்திரம், கொஞ்சம் பவளம், இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன், ஒரு பெட்டி சர்க்கரை. கரும்பு விளைகிற தேசத்துக்குச் சர்க்கரை! திருநெல்வேலிக்கே அல்வா என்பது இதுதான். சாமூதிரியின் அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட நன்றாகக் கொடுப்பான், தங்கம் இருந்தால் எடு என்றார்கள்.

காமா அன்று ஒரு கூடை மிளகாய் கொண்டுவந்திருந்தால் மரியாதையே வேறு. ஆனால் அது அவர் பின்னால் வந்த போர்ச்சுக்கீசியக் கப்பல்களில்தான் வந்து இறங்கியது. மிளகை ஏற்றிக்கொண்டு மிளகாயை இறக்கிவிட்டுப் போனார்கள். உலக வியாபார வரலாற்றில் இவ்வளவு முட்டாள்தனமான பண்டமாற்று வேறு இல்லை. மிளகுக் கொடி மழைக்காட்டு மரத்தில்தான் ஏறுவேன் என்று அடம்பிடிக்கும். மிளகாய் புழக்கடையில் சாணிக்குழி ஓரத்தில்கூடக் காய்க்கும். ஏழை வீட்டுக்கும் காரம் வந்தது. ராமநாதபுரத்து வறண்ட காட்டில் விளையும் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். மெக்ஸிகோக்காரன் இன்னும் வழக்குப் போடவில்லை.

கொலம்பஸைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் தகுதி கிடையாது. மிளகு போலக் காரமாக ஒரு காய் வந்ததும் நாமும் யோசிக்காமல் 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம். அதே தவறு, அதே மாதிரி. அவருக்காவது ராணிக்குக் கணக்குச் சொல்லும் கட்டாயம் இருந்தது.

இன்னொன்று. மிளகாயின் காரம் நமக்காக ஏற்பட்டதல்ல, நம்மை விரட்டுவதற்காக ஏற்பட்டது. பல்லால் விதையை அரைத்துப் பாழாக்கும் பிராணிகள் கிட்டே வரக்கூடாது, விதையை முழுசாக விழுங்கித் தூர இடத்தில் எச்சமிடும் பறவைகள் மட்டும் வந்தால் போதும் என்று செடி செய்த ஏற்பாடு. கிளிக்குக் காரம் தெரியாது. எலி, அணில், மான் எல்லாம் விஷயம் புரிந்து ஒதுங்கிக்கொண்டன. மனிதன் மட்டும் கடலைமாவில் முக்கிப் பொரித்தெடுத்து, கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொன்று கேட்டான்.

அடுத்தது சமோசா. இதற்கு ஆயிரம் வருஷப் பெருமை உண்டு, ஆனால் நமக்கல்ல, பாரசீகத்துக்கு. அங்கே 'சன்பூசக்' என்ற பெயரில் அரண்மனை விருந்துகளில் திரிந்துகொண்டிருந்தது. டெல்லியில் முகமது பின் துக்ளக் வீட்டுப் பந்தியில் அதைச் சாப்பிட்டுவிட்டு எழுதி வைத்தவர் மொராக்கோ பயணி இபின் பதூதா. கொத்துக்கறி, பாதாம், அக்ரூட், பிஸ்தா, வெங்காயம், மசாலா எல்லாம் மெல்லிய மாவுக்குள் வைத்து நெய்யில் பொரித்தது, ஆளுக்கு நாலைந்து. தலைநகரத்தையே தௌலதாபாத்துக்கு மாற்றிய சுல்தான் சமோசாவில் மட்டும் கை வைக்கவில்லை.

இந்த இபின் பதூதா நமக்குச் சம்பந்தி வழியில் உறவு. டெல்லியில் இருந்தபோது அவர் கட்டிக்கொண்ட மனைவிகளில் ஒருத்தி, மதுரையில் தனி சுல்தானாகக் கொடி ஏற்றிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள். இன்னொரு மகளைக் கட்டியவர், பின்னால் மதுரை சுல்தானான கியாசுத்தீன். ஆக, சமோசாவின் முதல் விளம்பரதாரர் மதுரை சுல்தானுக்குச் சகலை. 1340-களில் கப்பல் தட்டுத்தடுமாறி நம் கரையில் ஒதுங்க, சகலை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சகலை செய்த கொடுமைகளைப் பார்த்து மிரண்டார். மதுரையில் அப்போது கொள்ளைநோய். இவருக்கும் காய்ச்சல் கண்டது. பிழைக்க மாட்டோம் என்று பயந்தவர், ஊரில் மலிந்து கிடந்த புளியை ஒரு குத்து எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போனது, காய்ச்சலும் போனது. டெல்லியில் பிஸ்தா சமோசா, மதுரையில் புளித்தண்ணி. சகலை வீட்டு உபசாரம் எந்தக் காலத்திலும் அப்படித்தான்.

அந்தச் சமோசா இங்கே வந்து சேர்ந்தபோது கறி போயிற்று, பிஸ்தா போயிற்று, நெய் போயிற்று. சினிமா இடைவேளையில் தட்டில் அடுக்கி வரும் வெங்காயச் சமோசாவைப் பிய்த்துப் பாருங்கள். துக்ளக்கின் பட்டியலில் மிச்சம் இருப்பது அந்த வெங்காயம் ஒன்றுதான்.

நிலக்கடலை கதை இதைவிட வெளிப்படை. விழுப்புரம், கடலூர் பக்கம் போனால் அதற்குப் பெயர் மல்லாட்டை. அதாவது மணிலாக் கொட்டை. பெயரிலேயே பாஸ்போர்ட்டைக் குத்திக்கொண்டு திரிகிற பண்டம். தென்னமெரிக்காவில் பிறந்தது, ஸ்பானியக் கப்பல்கள் மெக்ஸிகோவுக்கும் மணிலாவுக்கும் இரண்டரை நூற்றாண்டு போய்வந்தன, அந்த மணிலாவின் பெயர் நம் செம்மண்ணில் வந்து மல்லாந்து மல்லாட்டை ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரன் புதுச்சேரித் துறைமுகம் வழியாக அதை மார்செய்லுக்கு ஏற்றினான், எண்ணெய் எடுக்கவும் சோப்புக் காய்ச்சவும். பாரீஸ் சீமாட்டி முகம் கழுவிய கடலையை நாம் வெல்லப்பாகில் போட்டோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு. பல்லில் ஒட்டும் அந்தச் சதுரத்தில் வெல்லம்தான் உள்ளூர்க்காரர், கடலை வாடகைக்கு வந்து பட்டா வாங்கியவர்.

இட்லியைப் பற்றி அதிகம் பேசினால் அடி விழும், சுருக்கமாக முடிக்கிறேன். பத்தாம் நூற்றாண்டின் 'வட்டாராதனே' என்ற நூலில் 'இட்டலிகெ' இருக்கிறது. நூல் கன்னடம். 1025 வாக்கில் சாவுண்டராயர் என்ற கன்னடப் புலவர் அதற்குச் செய்முறையும் எழுதிவிட்டார். உளுந்து மட்டும், அரிசி கிடையாது. பத்திரம் அவர்கள் கையில், சுவாதீனம் நம் கையில். சிவில் வழக்கு என்றால் இருபது வருஷம் இழுக்கும். இட்லிக்கு ஊற்றுகிற சாம்பாரோ ராஜராஜனின் சொந்த ஊரான தஞ்சாவூரிலேயே பிறந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள், ஆனால் மராத்தியர் அரண்மனைச் சமையலறையில். அதுவும் அவருக்கு எழுநூறு வருஷம் லேட்.

முழுக்க முழுக்க நம்முடையது, பிறந்த இடமும் வருஷமும் தெரிந்தது என்றால் சிக்கன் 65-ஐச் சொல்லலாம். சென்னை மவுண்ட் ரோட்டில் புஹாரி ஹோட்டல். 1965-ல் அறிமுகம் செய்ததால் 65 என்பது அவர்கள் கணக்கு. பின்னால் 78, 82, 90 என்றும் பட்டியலில் சேர்த்தார்கள். ஜனங்கள் இவ்வளவு நேரான விடையை ஒப்புக்கொள்வார்களா? 65 மிளகாய் என்றார்கள், 65 துண்டு என்றார்கள், 65 நாள் கோழி என்றார்கள். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன் பிறந்த பலகாரத்துக்கே இத்தனை புராணம். பிறகு சைவர்கள் கோழியை எடுத்துவிட்டுக் காலிஃபிளவரை வைத்தார்கள், நம்பரை மட்டும் விடவில்லை. காலிஃபிளவரும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டதுதான்.

ஐயா, இந்தப் பதில் உங்களுக்கு எட்டுமோ எட்டாதோ, இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகு நான் மனசாட்சிப்படி ராஜராஜனுக்குச் சாத்தியமான ஒரே பஜ்ஜியைக் கேட்டேன். வண்டிக்காரர் தட்டைக் கவிழ்த்துக் காட்டினார். "வாழைக்காய் அப்பவே தீர்ந்துடுச்சுண்ணே. மிளகாய்தான் இருக்கு."

இரண்டு வாங்கிக்கொண்டேன். பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் ஐந்து மணிக்குள் வண்டிக்கு வந்துவிடுங்கள். வாழைக்காய்தான் முதலில் தீர்கிறது.