சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு சார்!

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையை நம்பிப் பிழைப்பவர்களில் களிமண்ணைக் கையால் தொடாதவர்களும் உண்டு. நான் அந்த வகை. பொம்மை, அகல்விளக்கு, பியூஸ் கட்டை செய்கிற சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது தொழில். ஆபீஸ் என்று போர்டு மாட்டியிருப்பது வீட்டின் முன்னறையில். உள்ளே மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், என் சம்சாரம் காயப்போட்ட வடகம்.

கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 7 கொடிகட்டிப் பறந்த காலத்தில் வாங்கியவை. 2015இல் விண்டோஸ் 10ஐ இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். இலவசம் என்று வந்தபின் அது தேவையா என்று யோசிக்கும் பழக்கம் எங்கள் பரம்பரையில் கிடையாது. மூன்றிலும் ஏற்றினேன்.

மாதாமாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. இந்த இரண்டு தேதிகளும் கம்ப்யூட்டருக்கு எப்படித்தான் தெரியுமோ! டாலி திறந்திருக்கும், எக்செல் திறந்திருக்கும், பிரவுசரில் ஏழெட்டு டேப் வரிசை கட்டி நிற்கும். திடீரென்று வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். மவுஸ் நகரும், மற்றது எதுவும் நகராது. மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிக் காட்டும். சம்சாரம் எட்டிப் பார்த்து, "கூப்பிட்டா பதில் சொல்லாதது இந்த வீட்ல ஒண்ணு பத்தாதா?" என்பாள்.

செலவில்லாத வைத்தியம் எல்லாவற்றையும் பார்த்தேன். டெம்ப் ஃபைல்களை அழித்தேன். டெஸ்க்டாப்பில் கிடந்த ஐகான்களை ஒரே ஃபோல்டருக்குள் தள்ளி, ஃபோல்டருக்கு 'முக்கியம்' என்று பெயர் வைத்தேன். ஆயுத பூஜைக்கு வழக்கமாக ஒரு பொட்டு வைப்பேன், அந்த வருஷம் மூன்று வைத்தேன். டாலியைத் திட்டினேன், எக்செல்லைத் திட்டினேன், ஆண்டிவைரஸைத் திட்டினேன். ரேம் வாங்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

ஆனால் வெளியில் சொல்லாத ஒரு சௌகரியமும் இதில் இருந்தது. "என்ன சார், நம்ம ரிட்டர்ன் போட்டாச்சா?" என்று யூனிட்காரர் வந்து நின்றால், "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு" என்பேன். தமிழ்நாட்டில் மறுபேச்சே இல்லாத வாக்கியம் இது. கேட்டவர் துக்க வீட்டுக்கு வந்தவர்போலத் தலையாட்டி, மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு நான் மத்தியானம் நன்றாகத் தூங்கியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

சம்சாரத்துக்கு இந்த நாடகம் அலுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தீராத வழக்குகளுக்கு மேல்முறையீட்டு மன்றம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். குறையைத் தாளில் மனுவாக எழுதி சாமி பார்வையில் வைத்து, முனியப்பர் சந்நிதியில் பிராது கட்டிவிட்டு வரவேண்டும். குறை தீர்ந்ததும் மறுபடி போய் அதை வாபஸ் வாங்க வேண்டும். "அந்தப் பொட்டி மேல பிராது கட்டிட்டேன்" என்று ஒருநாள் வந்து சொன்னாள். எதிரி கம்ப்யூட்டர்தான் என்பதில் எனக்கு நிம்மதி.

சாமி உடனே ஆள் அனுப்பிவிட்டார். கடைவீதியில் சர்வீஸ் சென்டர் வைத்திருக்கும் தம்பி ஒருவன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து கேபினெட்டைக் கழற்றினான். உள்ளே எங்கள் ஊரே இருந்தது. காற்றில் பறந்து வந்த மண்தூசியெல்லாம் ஃபேன் இறக்கைகளில் அப்பிக் கிடந்தது. பிராசஸருக்கு மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. "சூடு ஏறினா பிராசஸர் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும் சார், உயிரக் காப்பாத்திக்க" என்றான். நானும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சம்சாரம் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு மெஷின் ஏன் எந்த வெப்சைட்டையும் திறக்க மறுக்கிறது என்பதும் விளங்கியது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தேதியை மறந்து பல வருஷம் பின்னால் போய்விடும். இன்றைய தேதியில் செல்லுபடியாகும் சான்றிதழை வெப்சைட் நீட்டினால், 'இது இன்னும் அமலுக்கே வரவில்லையே' என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும்.

மதர்போர்டில் கடுகு கடுகாக ஒட்டியிருந்ததைக் காட்டி என்னவென்று கேட்டேன். செராமிக் கெபாசிட்டர்களாம், ஒரு போர்டில் நூற்றுக்கணக்கில் இருக்குமாம். பேரியம் டைட்டனேட் என்ற பொருளை அடுக்கடுக்காக வைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு எடுப்பது. "அப்படின்னா இதுவும் நம்ம ஊர்த் தொழில்தான்!" என்று எனக்கு ஒரே பெருமை. "அது நல்லாத்தான் சார் இருக்கு. பிரச்சினை நீங்க வாங்காத சாமான்ல" என்றான் தம்பி.

வாங்காத சாமான் இரண்டு. ரேம் 2 ஜிபி. அது நிரம்பியதும், உடனே வேண்டாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், கேட்டால் திரும்ப எடுத்து வரும். ஹார்ட் டிஸ்க்கோ நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டால் நொடிக்கு நூறு சொச்சம் தடவைதான் எடுத்துக் கொடுக்க முடியும். அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே நொடியில் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும்.

எனக்குப் புரியவில்லை. சம்சாரத்துக்குப் புரிந்துவிட்டது. "அடுப்பு மேடை ஒரு முழம்தான் இருக்கு. விருந்துச் சமையல். இடம் இல்லாம ஒவ்வொரு பாத்திரமா பரண்ல ஏத்தி ஏத்தி இறக்கினா, சமையக்காரியத் திட்டி என்ன பிரயோஜனம்? மேடையப் பெருசாக்கணும், பரணைக் கைக்கெட்டுற மாதிரி இறக்கணும். அதானே தம்பி?" தம்பி எழுந்து நின்றே விட்டான்.

மெஷினுக்கு 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. புது கம்ப்யூட்டர் விலையில் சிறு பங்குதான். ஆனாலும் என் பர்ஸ் வெகுநேரம் நாட் ரெஸ்பாண்டிங்.

பழைய டிஸ்க்கில் இருந்ததை எஸ்எஸ்டிக்கு மாற்றும்போது வயிற்றைக் கலக்கியது. எத்தனை யூனிட்டின் கணக்கு! ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்கு முன் அனுபவம் உண்டு. சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். போடுமுன் பொன்னில் மாதிரிக்கு ஒரு துண்டு, அதாவது மச்சம், வெட்டி வைத்துக்கொண்டார். எடுத்தபின் உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. பதிகம் பாடித்தான் சரிசெய்தார். நானும் பழைய டிஸ்க்கை அழிக்க விடவில்லை. ஒவ்வொரு கம்பெனியின் டிரையல் பேலன்ஸையும் பழையதோடு ஒப்பிட்டேன். எனக்குப் பதிகம் பாட வராது.

இப்போது பட்டனைத் தட்டினால், நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் மெஷின் தயாராக நிற்கிறது. விண்டோஸ் 11க்கு மட்டும் இவை தேறாது. அதற்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை பிராசஸர், டிபிஎம் 2.0 சிப் எல்லாம் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. ஆக, அடுத்த செலவு வாசலில் நிற்கிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று. போன மாதம் 20ஆம் தேதி பொம்மை யூனிட்காரர் வந்தார். பழக்கதோஷத்தில் "சிஸ்டம் ஹேங்..." என்று ஆரம்பித்தேன். "அதான் புதுசா மாத்தி ஜம்முனு ஓடுதாமே, அக்கா சொன்னாங்க" என்றார். மோர்கூடக் கேட்காமல் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அன்று எல்லோருக்கும் தெரிந்தது, இத்தனை வருஷம் அந்த அறையில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது எது என்று.

ராத்திரி சம்சாரத்திடம், "அதான் பொட்டி சரியாயிடுச்சே, கொளஞ்சியப்பர் கோயில் பிராதைப் போய் வாபஸ் வாங்கலையா?" என்றேன்.

"பொறுங்க. எதிரி பேரை மட்டும் மாத்திக் குடுக்க முடியுமான்னு கேட்டிருக்கேன்" என்றாள்.