கொடுங்கையூர் என்கிற ‘மற்றவை’

குப்பை அள்ளத் தெரியாத மாநகராட்சி இருக்கலாம். குப்பைக்கு வரைபடம் போடத் தெரியாத மாநகராட்சி இனி இருக்கக் கூடாது. அதற்குத்தான் கன்சல்டன்ட் வருகிறார். கையில் லேப்டாப், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் ‘பரேட்டோ வரைபடம்’. சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் சேரும் குப்பையில் எங்கே கை வைப்பது என்று யாரும் தலையைச் சொறிய வேண்டாம். எக்செல் பார்த்துக்கொள்ளும்.

முறை எளிது. பிரச்சினைகளை வகை பிரிக்க வேண்டும். எது எத்தனை தடவை வந்தது என்று எண்ண வேண்டும். அதிகம் வந்தது இடது ஓரத்தில் உயரமான கம்பமாக நிற்கும். மற்றவை இறங்குவரிசையில் பின்னால் வரும். தலைக்கு மேலே ஒரு கோடு, சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே நூறை நோக்கி ஏறும். அது எண்பதைத் தொடும் வரை உள்ள கம்பங்களைக் கவனித்தால் போதும். இதைத் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்த ஜோசப் ஜூரான், ‘முக்கியமான சில, அற்பமான பல’ என்று பிரித்தார். பின்னாளில் ‘அற்பமான’ என்பதை எடுத்துவிட்டு ‘பயனுள்ள’ என்று திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம் நம் அலுவலகங்களுக்கு இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கிறது.

சரி, எதை எண்ணுவது? கைக்கு எட்டுவது புகார்தான். மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு வந்த அழைப்பு, அதன் செயலியில் ஏறிய படம். ஆக, யாருக்குப் புகார் செய்ய நேரமும் தைரியமும் இருக்கிறதோ அவருடைய பிரச்சினைதான் நகரத்தின் பிரச்சினை. காலை நடைக்குப் போன பெரியவர் சாலையோரச் சருகைப் படம் பிடித்துப் போட்டால் ஓர் எண். எதிர்வீட்டு அம்மா அதே சருகைப் போட்டால் இன்னோர் எண். சாயங்காலத்துக்குள் சருகு நிமிர்ந்து கம்பமாகிவிடும். வடசென்னையின் கொடுங்கையூர்க்காரர் பல பத்தாண்டுகளாகத் தன் ஊர்க் குப்பை மேட்டுப் புகையைத்தான் மூச்சாக இழுக்கிறார். அவரும் ஒரு காலத்தில் புகார் செய்தவர்தான். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. மேடு இருந்த இடத்திலேயே இருந்தது. அலுத்துப்போய் விட்டுவிட்டார். அவர் விட்டதும் எண் இறங்கியது. எண் இறங்கியதும் வரைபடம் அறிவித்தது: கொடுங்கையூரில் முன்னேற்றம்!

இந்த வரைபடத்துக்கு இன்னொரு சம்பிரதாயமும் உண்டு. சில்லறையாகச் சிதறிக் கிடப்பதையெல்லாம் ‘மற்றவை’ என்ற கம்பத்தில் போட்டு வலது கோடியில் நிறுத்த வேண்டும். அது எவ்வளவு உயரமாக வளர்ந்தாலும் அதற்கு இடம் கடைசிதான். கொடுங்கையூரில் 252 ஏக்கரில் 66 லட்சம் டன்னுக்கு மேல் பழைய குப்பை கிடந்தது. அதைப் பயோமைனிங் முறையில் தோண்டிப் பிரித்து அகற்ற 640 கோடி ரூபாய்த் திட்டம். ஆனால் மேடு ஒன்றுதானே? எண்ணிக்கை ஒன்று! தள்ளு ‘மற்றவை’க்கு. பழைய குப்பையைத் தோண்டி எடுக்கும்போதே புதுக் குப்பையை எரிக்க உலையும் அங்கேயே வரட்டும் என்றார்கள். வேண்டாம் என்று 2025இல் வடசென்னை மக்கள் கைகோத்துத் தெருவில் நின்றார்கள். எத்தனை பேர் நின்றால் என்ன, செயலியில் பதிவு செய்தார்களா?

சாவையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். சாக்கடைக் குழிக்குள் பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது, இறக்குவது நிற்கவில்லை. அடைப்பு என்று தினமும் புகார் வரும். அடைப்பெடுக்க இறங்கியவன் செத்தான் என்ற செய்தி எப்போதாவதுதான் வரும். எனவே அடைப்பு முதல் கம்பம். சாவு? ‘நிகழ்வெண் குறைவு’ என்கிறார் கன்சல்டன்ட். செத்தவன் இரண்டாம் முறை சாக மறுத்தால் அவர் என்ன செய்வார், பாவம்!

குப்பை அள்ளுகிறவர்களுக்கோ கம்பமே இல்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். எங்களை நிரந்தரமாக்குங்கள், எங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள், சம்பளம் குறையும் என்றார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. குப்பையை இவ்வளவு வேகமாக அள்ளியதாக மாநகராட்சி வரலாற்றில் படித்த நினைவில்லை. மறுநாளே இலவசக் காலைச் சிற்றுண்டி உள்ளிட்ட நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. வேலை நிரந்தரம் கேட்டவருக்கு இட்லி! எந்தக் கம்பத்திலும் இல்லாதவர்களுக்கு இதுவே அதிகம் என்று நினைத்திருப்பார்கள்.

இதில் வரைபடத்தின் குற்றம் ஏதுமில்லை. வில்ஃபிரடோ பரேட்டோ குப்பையை எண்ணவே இல்லை. வருமானமும் சொத்தும் சிலர் கையிலேயே குவிவதை வரிக்கணக்குகளை வைத்துக் காட்டிய இத்தாலியப் பொருளியலாளர் அவர். யாரிடம் எல்லாம் குவிந்திருக்கிறது என்று கேட்கப் பிறந்த கணக்கைப் பிடித்து, யார் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்று கேட்கவைத்தது நம் சாமர்த்தியம்.

கணக்கைத் திருப்பிப் போடுவது கஷ்டமில்லை. புகாரை விட்டுவிட்டுக் குப்பையைத் தள்ளுகிறவரை எண்ணுங்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் தள்ளும் இடங்களைத் தனி வகையாகவே 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் பிரித்துவைத்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும், அதற்கு ஓராண்டு கெடு என்றும் சொன்னன. பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கிற நிறுவனமே அந்த உறைக்குப் பொறுப்பு என்றும் விதி இருக்கிறது. இவர்களை வரிசைப்படுத்துங்கள். எந்த வளாகத்து லாரி கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பை மேடுகளுக்கு எத்தனை டன் கொண்டுபோகிறது, எந்த நிறுவனத்தின் உறை பக்கிங்காம் கால்வாயில் அதிகம் மிதக்கிறது, ஒப்பந்தப் பணத்தில் எவ்வளவு யாரிடம் போகிறது, அதில் அள்ளுகிற கைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கம்பம் நடுங்கள். ஜூரான் சொன்ன ‘முக்கியமான சில’ பேர், முகவரியோடு, ஜிஎஸ்டி எண்ணோடு கிடைப்பார்கள்.

அந்த வரைபடம் இன்னும் வராததற்குக் காரணம் அதிகாரிகளுக்குக் கணக்கு வராததல்ல. முதல் கம்பத்தில் யாருடைய பெயர் ஏறும் என்பது, போடாமலேயே அவர்களுக்குத் தெரியும்.