பந்து நிதி

செங்கல்லை ஸ்டம்பாக நிறுத்தி ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் நம் தெரு வாலிபர்கள், அவ்வாட்டத்தைச் செல்போனில் பிடித்த மாத்திரத்தில் மட்டையை மூலையில் சார்த்திவிட்டு, எந்த எடிட்டிங் மென்பொருள் உத்தமம் என்னும் விசாரத்தில் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடப்பது, தேச க்ஷேமத்தை விரும்பும் எவருக்கும் ஆனந்தமளிக்கத் தக்கதே. ஹாலிவுட் படங்களுக்கு வர்ணம் திருத்தும் டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது. இலவசம் என்ற அந்த ஒரே தோஷத்தால் சபை அதனை நிராகரித்து, மாதச் சந்தா கேட்கும் பிரீமியர் ப்ரோவை ஏகமனதாக வரித்தது. விவேகம்! வினாடிக்கு 30 பிரேம் வீதம் பதிந்த காட்சியை நாலில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தால், இடையே இல்லாத பிரேம்களை மென்பொருளே ஊகித்து வரைந்துகொள்ளும் வசதி அதில் உண்டு. ஆகவே, பந்து மட்டையில் உரசிற்றா இல்லையா என்று சட்டைக் காலரைப் பிடிக்கும்வரை சென்ற வழக்கில், எவர் கண்ணும் காணாத, எவரும் வீசாத ஒரு பந்து பிரத்யக்ஷமாகி, அவுட்தான் என்று சாட்சி சொல்லிற்று. சந்தாத் தொகை பந்து நிதியிலிருந்து எடுக்கப்பட்டதாகையால் அடுத்த ஞாயிறு ஆட்டம் கிடையாது. டிரெய்லர் மட்டும் வெளியாகும், அன்பர்கள் லைக் போட்டு ஆதரிக்குமாறு வேண்டுகிறோம்.